மொட்டை போடாத கருமாதி

1

ஞாயிற்றுக்கிழமை காலை. தோசைக்கல் காய்கிற நேரத்தில் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. அவள் மகன் பிரவீன் உப்பனாற்றங்கரையில் ஈர வேட்டியோடு நிற்கிறான். தலையில் ஒரு முடி இல்லை. மீசையும் இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறான். வேறு யாராவது அனுப்பியிருந்தால் ஆள் யாரென்று தெரியாமலே தள்ளிவிட்டிருப்பேன்.

என் மகள் யாழினி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பதின்மூன்று வயது, இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி ஆகிவிட்டது. படத்தைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. பிரவீன் அத்தானுக்குக் கேன்சரா என்று கேட்டாள். அவள் டீச்சர் ஒருவர் சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டி ஒரு நாள் இப்படித்தான் வகுப்புக்கு வந்தாராம்.

அதெல்லாம் இல்லை, இன்று அவன் அப்பாவுக்கு வருஷ திதி, அதற்காக மொட்டை போட்டிருக்கிறான் என்றேன். அவள் விடவில்லை. மாமா இறந்தது போன வருஷம்தானே, இதற்காகத்தான் நீங்கள் அப்போது ஊருக்குப் போனீர்கள், அப்போது ஏன் அவன் மொட்டை போடவில்லை என்றாள்.

சரியான கேள்விதான். ஆங்கிலத்தில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதிதான் புரியும். தோசை கருகுகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உங்களுக்காவது முழுசாகச் சொல்கிறேன். பிள்ளையை மேல்படிப்புக்கு வெளிநாடு அனுப்பிவிடத் துடிக்கிற வீடுகள் நம் பக்கம் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்களில் ஒருவர் படித்தாலும் போதும்.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, மழை ஓயாத ஒரு ஊர். முதுநகரில் பிறந்து, சிதம்பரத்தில் படித்து, முதுகலை படிக்கப்போகிறேன் என்று விமானம் ஏறியவன், இன்று ஒரு பணிமனையில் ரயில் பெட்டிகளின் கதவுகளைப் பழுது பார்க்கிறேன். முதுகலை படித்துவிட்டுக் கதவா என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள். கதவு மூடவில்லை என்றால் வண்டி நகராது. என்னிடம் இருக்கிற பதில் அவ்வளவுதான்.

நான் கிளம்பிய நாளில் மீனம்பாக்கம் வரை என்னோடு வந்தவர் என் அக்கா தனத்தின் கணவர் கலியமூர்த்தி. எனக்கு மச்சான். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். அவர்கள் குடும்பத்தில் நிலத்தை விட்டுக் கம்பெனி கேட்டுக்குள் போன முதல் ஆள் அவர்தான். வீடு செம்மங்குப்பத்தில். என்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு, நான் உள்ளே போய் மறைந்த பிறகும் கண்ணாடிக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றிருந்தாராம். அவர் அங்கே நின்றபோது பிரவீன் ஒன்றாம் வகுப்பு. ஒரு நாள் இவனும் இப்படி உள்ளே போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். நான் இங்கே என்ன பாடு படுகிறேன் என்று சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். உனக்கென்ன மாப்ள, நீ சொல்லுவ என்று சிரித்துவிடுவார்.

3

பிரவீன் சிதம்பரத்தில் கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்தான். தினமும் முதுநகரில் ரயிலேறிப் போய்வந்து படித்த பிள்ளை. கடைசி வருஷத்திலேயே சிதம்பரத்தில் ஒரு கன்சல்டன்சியில் பெயர் பதிந்துவிட்டான். ரெடிமேட் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, சுவர் பூராவும் லண்டன் படம். நித்யா என்ற பெண் அவன் ஃபைலைப் பார்த்துக்கொண்டாள். அவளைத் திட்ட எனக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். மதிப்பெண் சான்றிதழ், ஆங்கிலப் பரீட்சை, ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரை, பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஓடினாள். சிபாரிசுக் கடிதத்தை நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம் பேராசிரியர். பிள்ளை கூச்சத்தோடு தன்னைத் தானே புகழ்ந்து எழுதினான். என் காலத்திலும் அப்படித்தான் நடந்தது.

இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் தருகிறோம் என்று கடிதம் வந்தது. ஆனால் ஒரு படி பாக்கி. விசாவுக்கு வேண்டிய கடிதத்தைக் கொடுக்கும் முன் பல்கலைக்கழகமே வீடியோவில் ஒரு இன்டர்வியூ வைக்கும். நிஜமாகப் படிக்க வருகிறானா, படிப்பைச் சொல்லிக்கொண்டு வேறு வேலைக்கு வருகிறானா என்று பார்ப்பார்கள். என் காலத்தில் இது கிடையாது.

இதற்கு நம் ஊரில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். என்னென்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கன்சல்டன்சியே அச்சடித்துக் கொடுத்துவிடும். பிள்ளை உருப்போட வேண்டும். வீட்டில் ஒருவர் அதிகாரியாக எதிரில் உட்கார்ந்து தினமும் கேட்க வேண்டும். பெரும்பாலும் தங்கையோ தம்பியோ கேட்பார்கள். பிரவீன் ஒரே பிள்ளை. அதனால் மச்சான் அதிகாரியானார்.

அவருக்கு ஆங்கிலம் கம்பெனி போர்டில் இருக்கிற அளவுக்குத்தான். கேள்விகளைப் பிரவீன் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தான். ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். கையைத் தொடைமேல் வை, நேரா பார், கண்ணைச் சிமிட்டாதே என்று முதலில் உத்தரவு. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். ஹூ ஈஸ் ஸ்பான்சரிங் யுவர் ஸ்டடீஸ்? யார் உன்னைப் படிக்க வைக்கிறார்கள் என்று அர்த்தம். மை ஃபாதர், சார் என்பான் பிரவீன். உன் அப்பா என்ன செய்கிறார் என்று அடுத்த கேள்வி. என் அப்பா ஒரு பெரிய வேதித் தொழிற்சாலையில் சீனியர் ஆபரேட்டர் என்று ஆரம்பித்துக் கடகடவென்று ஒப்பிப்பான். அதுவரை விறைப்பாக இருக்கிற அதிகாரி அந்த இடத்தில் பல் தெரிய இளித்துவிடுவார்.

நான் வீடியோவில் பார்த்திருக்கிறேன். அடக்க முடியாமல் சிரித்தேன். அன்றைக்குப் போனைத் தனியாக எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து மச்சான் சொன்னார்.

"அந்த ஸ்பான்சர் கேள்விய மட்டும் ரெண்டு தடவ கேப்பேன் மாப்ள. பய சரியா சொல்றானான்னு பாக்கத்தான்."

சரியாகச் சொல்கிறானா என்று பார்க்கவா, காதுக்கு இனிப்பாக இருக்கிறது என்றா என்று சீண்டினேன். ரெண்டும்தான் என்றார்.

4

இன்டர்வியூவுக்குத் தேதி வந்த வாரத்திலேயே மச்சான் போய்விட்டார். காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்றவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. இத்தனைக்கும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று எதுவும் இல்லாத மனுஷன்.

எடுப்புக்கு என்னால் போக முடியவில்லை. நான் போய்ச் சேரும்வரை உடலை வைத்திருக்கிற வழக்கம் எங்களில் இல்லை, வைத்திருங்கள் என்று கேட்கவும் மனசு வரவில்லை. பிரவீன் கொள்ளி வைத்ததைப் போனில் பார்த்தேன். கருமாதிக்காவது போயே தீர வேண்டும். லீவு கேட்டேன். இங்கே துக்க விடுப்புக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை, கூடப் பிறந்தவர். அக்கா புருஷன் அதில் இல்லை. என் மேலதிகாரி டேவ் நல்ல மனுஷன். பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ போயே ஆக வேண்டுமா என்று கேட்டான்.

நான் விளக்கினேன். கருமாதியன்று பிள்ளை தலையையும் மீசையையும் மழித்து ஆற்றில் முழுகி எழுந்து வருவான். அந்த மொட்டைத் தலையில் புதுத் துண்டைச் சுற்றிக் கட்ட வேண்டியவன் தாய்மாமன். உருமா கட்டுதல் என்று பெயர். அப்பன் போய்விட்டான், ஆனால் இந்தப் பிள்ளைக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று ஊர் பார்க்கச் செய்கிற காரியம். இதை எல்லாம் கதவுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டேவ் பொறுமையாகக் கேட்டான். ஒரு துண்டுதானே, வேறு யாராவது கட்டக் கூடாதா என்றான். கூடாது என்றேன். ஒரு நாள் துக்க விடுப்பும் மிச்சத்துக்கு என் சொந்த விடுமுறையும் என்று எழுதிக்கொண்டான்.

5

செம்மங்குப்பம் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் வேறு ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கருமாதி முடிந்த மூன்றாம் நாள் இன்டர்வியூ. நித்யா போன் போட்டு, பிரவீன் மொட்டை போடக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போட்டு, அப்பா இறந்துவிட்டார், தேதியைத் தள்ளிவையுங்கள் என்று கேட்டால் என்ன என்றேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, நிதானமாகப் பேசினாள். பேங்க் காகிதம் எல்லாம் அப்பா பெயரில் இருக்கிறது. படிக்க வைப்பவரே இல்லை என்று தெரிந்தால் ஃபைல் மொத்தத்தையும் திரும்பப் போட வேண்டும், இந்த வருஷம் போய்விடும். முதலில் கடிதம் வரட்டும், காகிதத்தை அப்புறம் அம்மா பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாள். அதற்கும் மொட்டைக்கும் என்னம்மா சம்பந்தம் என்றேன்.

"சார், இன்டர்வியூ எடுக்குறது நம்ம ஊரு ஆளா இருந்தா மொட்டையப் பாத்ததுமே அப்பா இல்லன்னு தெரிஞ்சுடும். வெள்ளக்காரங்களா இருந்தா பாஸ்போர்ட்டுல இருக்குற ஆள் இவரு இல்லம்பாங்க. எப்பிடிப் பாத்தாலும் ரிஸ்க் சார்."

எந்தப் பக்கமும் வழி விடாத பேச்சு. திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். மெயில் போட்டுவிடலாம் அக்கா, அங்கே இருக்கிறவர்களும் மனுஷர்கள்தான் என்றேன். அக்கா அழுது ஓய்ந்து, தொண்டை கட்டிப்போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல காரியத்துக்கு முன்னால் சாவுச் சேதியை எழுதி அனுப்புவதா என்று கேட்டாள். பிறகு சொன்னாள்.

"அவுரு ஆசப்பட்டது இது ஒன்னுதான்டா. முடிய இன்னொரு நாளு எடுத்துக்கலாம். சீட்டு பூட்டா நான் யாரப் போயி கேப்பேன்? அப்பா இருக்காருன்னே சொல்லட்டும். அப்பிடி ஒருத்தராவது சொன்னா எனக்கும் தேவலாம்போல இருக்கு."

பிரவீன் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தோட்டப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கொள்ளி வைத்தவன் நான், மொட்டை போடாமல் எப்படி மாமா கருமாதி பண்ணுவது என்று கேட்டான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. என்னைவிட உயரம். தோளைத் தட்டிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

கருமாதியன்று காலை உப்பனாற்றங்கரையில் பங்காளிகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். முடி எடுப்பவர் கத்தியைத் தீட்டி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பிரவீனின் காதுக்குப் பின்னால் சாஸ்திரத்துக்கு ஒரு கொத்து முடியை நறுக்கி இலையில் வைத்தார். மச்சானின் அண்ணன், பிரவீனுக்குப் பெரியப்பா, எழுந்துவிட்டார். மீசையோட கருமாதியா, எந்த ஊருலடா இப்பிடி என்று கேட்டுவிட்டு, பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போனது அவர் கூடப் பிறந்த தம்பி ஆயிற்றே.

பிரவீன் முழுகி எழுந்து வந்தான். நான் துண்டைக் கட்டினேன். அடர்த்தியான ஈர முடி. துண்டு நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு கண்ணுக்கு இறங்கியது. அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினேன். மறுபடியும் இறங்கியது. கடைசியில் அவன் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வீடுவரை நடந்தான். வழியில் நின்றவர்கள் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டிருக்கும்.

அன்றைக்கே அக்காவின் தாலியைக் கழற்றினார்கள். பூவும் பொட்டும் வைத்து, வளையலை உடைத்து, எல்லாம் முறைப்படி நடந்தது. அவளுக்கு மட்டும் எதையும் தள்ளிவைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

6

இன்டர்வியூவுக்குப் பின்னால் வெறும் சுவர்தான் தெரிய வேண்டும் என்று நித்யா சொல்லியிருந்தாள். ஹாலில் வெள்ளைச் சுவரில் மச்சானின் படம் மாலையோடு தொங்கியது. கீழே விளக்கு. நானும் பிரவீனும் படத்தைக் கழற்றிச் சமையலறையில் காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தோம். அக்கா விளக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, படத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரவீன் வெள்ளைச் சட்டை போட்டு, அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்தான். நான் கேமராவுக்குத் தெரியாமல் சமையலறை வாசலில் நின்றேன்.

திரையில் வந்தது நம் ஊர் ஆள் இல்லை. வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா. மென்மையான குரல். சாப்பிட்டாயா என்று கேட்காத குறைதான். பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார், ஒரு நொடி பார்த்தார், நன்றி என்றார். அவ்வளவுதான் முகத்துக்குக் கொடுத்த கவனம். ஏன் இந்தப் படிப்பு, ஏன் எங்கள் பல்கலைக்கழகம், படித்து முடித்து என்ன செய்வாய்? பிரவீன் மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

பிறகு அந்தக் கேள்வி. அச்சடித்த தாளில் இருந்த அதே வார்த்தைகள். ஹூ ஈஸ் ஸ்பான்சரிங் யுவர் ஸ்டடீஸ்?

பிரவீன் பேசவில்லை. கை தொடைமேல்தான் இருந்தது. நேராகத்தான் பார்த்தான். சத்தம் வரவில்லை. லைன் போய்விட்டது என்று அந்த அம்மா நினைத்துவிட்டார் போல, நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது என்றான். திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார். மை ஃபாதர் என்றான். அப்பா என்ன செய்கிறார் என்றார். என் அப்பா என்று ஆரம்பித்து நின்றான். மீசையைத் தடவினான். அவசரமில்லை, நிதானமாகச் சொல் என்றார் அந்த அம்மா. அப்படிக் கனிவாகச் சொல்லாமல் அதட்டியிருந்தால்கூட அவன் ஒப்பித்திருப்பான். கடைசியில் சொன்னான். சீனியர் ஆபரேட்டர் என்பதையும், அந்த அம்மா இன்னும் கேட்காத இரண்டு கேள்விகளின் பதிலையும் சேர்த்து ஒரே மூச்சில் கொட்டினான்.

முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு என்னிடம் வந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அவுங்க கேக்கும்போது அப்பா குரல்லயே கேட்டுச்சு மாமா."

அக்கா சமையலறையிலிருந்து, அவரைப் பற்றிக் கேட்டார்களா என்றாள். கேட்டார்கள், சீனியர் ஆபரேட்டராக இருக்கிறார் என்று சொன்னான் என்றேன். நல்லா சொன்னானா என்றாள். நல்லா சொன்னான் அக்கா என்றேன். அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

7

நான் இங்கே திரும்பி வந்த முதல் வாரத்தில் டேவ் விசாரித்தான். துண்டு கட்டியாயிற்றா, சரியாக நின்றதா என்றான். நின்றது என்று சொல்லி வைத்தேன்.

அதற்கடுத்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து பிரவீனுக்குப் பதில் வந்தது. கடிதம் தர முடியாது. மாணவரின் பதில்கள் மனப்பாடம் செய்தவையாகத் தெரிந்தன. படிப்புச் செலவை ஏற்பவரைப் பற்றி, அதாவது அவருடைய சொந்தத் தந்தையைப் பற்றிக் கேட்டபோது தயங்கினார், தெளிவாகச் சொல்லவில்லை. அந்தத் தொடர்பு நம்பும்படியாக இல்லை.

அவனுக்கும் அவன் அப்பனுக்கும் இருந்த தொடர்பு நம்பும்படியாக இல்லையாம். போனை எறிந்துவிடலாம் போல இருந்தது.

வெறி வந்தவன் போல உட்கார்ந்து நான் ஒரு மெயில் எழுதினேன். நடந்தது அத்தனையும் எழுதி, இறப்புச் சான்றிதழையும் வைத்து அனுப்பினேன். மூன்றாம் நாளே பதில் வந்தது. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். முன்கூட்டியே ஒரு வரி தெரிவித்திருந்தால் நேர்காணலைத் தள்ளிவைத்திருப்போம். குடும்பத்தில் மரணம் நேர்ந்த மாணவர்களுக்கு அப்படிச் செய்வது எங்கள் வழக்கம். இப்போது முடிவை மாற்ற இயலாது. அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

ஒரு வரி. அதைப் படித்துவிட்டுப் பணிமனைக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரைத் திட்டுவது? நித்யா அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அக்கா புருஷனின் ஆசையைக் காப்பாற்றப் பார்த்தாள். நம் ஊரில் ஆபீஸ் என்றால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கூட ஒரு வார்த்தை சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு அலையவிடுவார்கள். தாலுக்கா ஆபீஸில் அலைந்து அலைந்து நாம் கற்ற பாடம் அது. வெளிநாட்டு ஆபீஸும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். இங்கே இருப்பவர்கள் ஒன்றும் தெய்வங்கள் இல்லை. எனக்கு இவர்கள் செய்ததை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஆனால் சாவைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அதை மட்டும் நம்பித் தொலைத்திருக்கலாம்.

பிரவீன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தான். அப்பா மாதிரியே ஷிப்ட். முடி மட்டும் வெட்டவில்லை. இப்போதாவது மொட்டை போட்டுவிடு என்று அக்கா கெஞ்சினாள். அன்றைக்குப் போடாதது இப்போது எதற்கு என்று சொல்லிவிட்டானாம். ஹெல்மெட் உட்காராத அளவுக்கு முடி வளர்ந்து, சூப்பர்வைசர் சத்தம் போட்டார் என்று கேள்விப்பட்டேன். அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் குறைந்துவிட்டது. அந்த வருஷம் முழுக்க அவன் என்னிடமும் நல்லா இருக்கேன் மாமா என்பதற்கு மேல் பேசவில்லை.

8

தோசை சாப்பிட்டு முடித்துவிட்டு அக்காவுக்கு வீடியோவில் போன் செய்தேன். அங்கே மதியம். திதி முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியிருந்தார்கள். உருமா யார் கட்டியது என்று கேட்டேன்.

"யாரையும் கட்ட வுடல. அவுங்க பெரியப்பாவே துண்டோட வந்து நின்னாரு. மாமா இல்ல, வாணாம்னுட்டான். வெறுந்தலையோட வெயில்ல நடந்தே வந்தான்டா."

பிறகு பிரவீன் போனை வாங்கினான். ஹாலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். பின்னால் சுவரில் மச்சான் படம், புது மாலையோடு. விளக்கு எரிவதும் தெரிந்தது. தலையில் இரண்டு இடத்தில் கத்தி கீறி ரத்தம் காய்ந்திருந்தது.

மறுபடியும் விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொன்னான். அதே படிப்பு. காகிதங்கள் எல்லாம் அம்மா பெயருக்கு மாற்றியாயிற்று. கன்சல்டன்சியிலிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டு வந்து தானே எழுதி அனுப்பியிருக்கிறான். வருகிற வாரம் இன்டர்வியூ. மொட்டையோடயா என்று கேட்டேன். மொட்டையோடுதான், படத்தையும் கழற்றப் போவதில்லை என்றான். கிடைக்குமா என்று தெரியவில்லை மாமா, ஒரு தடவை மறுத்ததையும் எழுதச் சொல்கிறார்கள், எழுதியிருக்கிறேன் என்றான். எனக்கும் தெரியவில்லை. கிடைக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல நான் தயாராக இல்லை.

"நீங்க கேளுங்க மாமா. அந்தக் கேள்விய மட்டும். அப்பா மாரி ரெண்டு தடவ கேளுங்க."

கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். நிமிர்ந்து உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்த்தான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டேன். ஹூ ஈஸ் ஸ்பான்சரிங் யுவர் ஸ்டடீஸ்?

"மை மதர், சார். மை ஃபாதர் ஈஸ் டெட்."

தயங்கவில்லை. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. உள்ளே சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நாலே வார்த்தை, அவளுக்குப் புரிந்திருக்கும்.

இரண்டாம் தடவை கேட்க வேண்டும். வாயைத் திறந்தேன், மூடினேன். அவன் கண்ணைச் சிமிட்டாமல் காத்திருந்தான். பின்னால் மச்சானும் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாழினி எப்போது வந்து என் பக்கத்தில் நின்றாள் என்று தெரியாது. போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் பேசுகிற ஆங்கிலத்தில், இனி அவனைக் கேட்கப்போகிறவர்கள் பேசப்போகிற அதே ஆங்கிலத்தில், அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பிரவீன் அவளுக்கும் அதையே சொன்னான். என் அம்மா. என் அப்பா இறந்துவிட்டார்.

சரியாத்தான் சொல்றான், மச்சான்.